வீட்டிலேயே செய்தது

பர்னி, டாஸ்மேனியா
6 மார்ச் 1988

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

புயல் உங்கள் தீவைத் தொடாமல் விலகிப் போயிற்று என்று வானொலியில் சொன்னார்கள். நீ சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே அம்மா, ராஸ், நான் மூவரும் நன்றாக இருக்கிறோம்.

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினேழு நாள். பக்கவாதம் வந்த இடது கை இன்னும் மடியில் போட்டது போட்டபடிதான் கிடக்கிறது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "ஆஸ்பத்திரி சூப்பே தேவலடி" என்றாள்.

உனக்குச் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று. வியாழக்கிழமை அம்மாவுக்குக் காலுறை மாட்டக் குனிந்தேன். அம்மா நல்ல கையால் என் முடியைக் கொத்தாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் முடியில் பொன்னிறக் கீற்றுகள் போட்டிருந்தது உனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் படத்தில் பார்த்திருப்பாய்.

"யாரு போட்டது இது?"

"நானேதாம்மா. வீட்லயே போட்டுக்கிட்டேன்."

"வீட்ல போட்டதுதானே. அப்ப வீட்லயே எடுத்துடு."

அவ்வளவுதான். அம்மாவிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யார்? சூப்பர்மார்க்கெட்டில் ஒரு சாயப் பெட்டி வாங்கினேன். அட்டையில் சிரிக்கிற பெண்ணின் முடி நம் வீட்டுப் பழுப்பேதான். துணி துவைக்கும் அறையில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கீற்று இருந்த இடமெல்லாம் பச்சை. ராஸ் லாரியிலிருந்து இறங்கி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏரிக்குள்ள இறங்கி எதையாவது தேடினியா?" என்றார். நல்லவேளை, நான் வேலைக்குப் போகிற பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் தலையில் தொப்பி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

இதற்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நோலீன்


நெயாஃபு, வவாவு, டோங்கா
2 ஏப்ரல் 1988

அன்புள்ள நோலீனுக்கு,

உன் கடிதம் சர்க்கரை மூட்டையோடு கப்பலில் சுற்றிவிட்டு ஈரமாக வந்து சேர்ந்தது. படிக்க முடிந்தது. நான் சௌக்கியம். வார்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. வேறு தொல்லை இல்லை.

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை உணவுக்குப் பிறகு கொடு. அந்தக் கையை வெறுமனே கிடக்க விடாதே. தினம் இரண்டு வேளை விரல்களை மடக்கி நீட்டு. அவள் திட்டினாலும் செய்.

முடிக்குத் தக்காளி சாஸ் தடவிப் பார். பச்சைக்குச் சிவப்புதான் மருந்து என்று இங்கே நியூசிலாந்து டாக்டரின் மனைவி சொல்கிறாள்.

அம்மாவின் மேல் வருத்தப்படாதே. ஏழு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அவள் தன் தலையைக் கொடுத்து உட்கார்ந்தது அந்த அழகு நிலைய டல்சியின் நாற்காலியில்தான். அப்பா நம்மை விட்டுவிட்டு அவளோடு அல்வர்ஸ்டனுக்குப் போனபோது உனக்குப் பதினைந்து வயது. அந்த வாரத்தை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அம்மா சமையலறைக் கத்தரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள். அழகு நிலையத்தின் வாசனை பட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது நாம் இருவரும் அடக்கத்துக்குப் போகவில்லையே, அது அம்மாவுக்காக எடுத்த முடிவு. இதுவும் அப்படித்தான். அவள் சொல்வதைக் கேட்டுவிடு.

ஒன்று மட்டும் புரியவில்லை. ராஸ் எடுத்த கிறிஸ்துமஸ் படத்தில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு வான்கோழி அறுக்கிறாய். பின்னந்தலையிலும் கீற்றுகள் தறியில் இழை ஓட்டியதுபோல் சீராக இருக்கின்றன. பின்னந்தலையில் நீயே எப்படிப் போட்டாய்?

ராஸுக்கு என் அன்பு.

அக்கா,
லோயிஸ்


பர்னி
29 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றுப்போக்கு அடங்கியதா? நீ கொதிக்க வைத்த தண்ணீரைத்தானே குடிக்கிறாய்? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் சுண்டுவிரல் நேற்று தானாக அசைந்தது. "பாத்தியா" என்று மூன்று முறை அசைத்துக் காட்டினாள்.

தக்காளி சாஸ் தடவினேன். தலையில் ஈ மொய்த்ததுதான் மிச்சம். கடைசியில் தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். சாயம் போட்டேன் என்று ஆரம்பித்ததுமே அவர், "பச்சையா வந்துடுச்சா? பாசிப் பச்சையா, பட்டாணிப் பச்சையா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வெளுத்த முடியில் பழுப்பை நேராகப் போடக்கூடாதாம். வெளுக்கும்போது முடிக்குள் இருந்த செம்மை முழுக்கப் போய்விடுகிறது. முதலில் அதைத் திருப்பி வைக்க வேண்டும். செம்பு நிறச் சாயத்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து, கீற்று கீற்றாகத் தடவி, இருபது நிமிஷம் விட்டு, கழுவாமல் துண்டால் ஒற்றி எடுத்து, அதன் மேல்தான் பழுப்பு. "செம்பு போட்டதும் கேரட் மாதிரி இருப்ப, பயந்து கழுவிடாத. அந்த இருபது நிமிஷம் தைரியமா இருந்தா போதும்," என்றார். அவர் சொன்னபடி செய்தேன். எந்தப் பெட்டி, எந்த எண் என்றுகூட அவரே சொன்னார். ஒரு பிசகும் இல்லாமல் வந்துவிட்டது.

அம்மா தொட்டுப் பார்த்து, "இப்பதான் என் மக மாதிரி இருக்க" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். துணி துவைக்கும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போதைக்கு இவ்வளவுதான்.

நோலீன்


நெயாஃபு
24 மே 1988

அன்புள்ள நோலீனுக்கு,

வயிற்றுப்போக்கு போய் இப்போது கண் நோய். எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் சுண்டுவிரல் செய்தியை ஹெட் நர்ஸிடம் வாசித்துக் காட்டினேன், அவள் கைதட்டினாள்.

எங்கள் தெருவில் ஒரு சாவு. இங்கே அப்பா இறந்தால் பெண்பிள்ளைகள் முடியை வெட்டிக்கொள்வதுண்டு. பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பு வரை முடி இருந்தவள், இன்று காது தெரிய வெட்டிக்கொண்டு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "உங்க அப்பா இருக்காரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் தலையைப் பார்த்தாள்.

உன் கடிதத்தில் "அவர்" என்று ஒருவர் வருகிறார். திரும்பத் திரும்ப வருகிறார், பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. பூனையைப் பற்றி எழுதினால்கூடப் பெயரோடு எழுதுகிறவள் நீ. நான் கேட்ட பின்னந்தலைக் கேள்விக்கும் பதில் இல்லை.

யார் நோலீன் அது?

லோயிஸ்


பர்னி
20 ஜூன் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மழை விடவில்லை. உருளைக்கிழங்கு லாரிகள் சேற்றில் மாட்டிக்கொள்கின்றன, ராஸ் வீட்டுக்கு வருவதே கழுத்துவரை மண்ணோடுதான். அம்மா குளியலறையில் வழுக்கினாள், அடி இல்லை.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கண்ணைக் கசக்காதே, அந்த நோய் தொற்றும்.

நோலீன்


பர்னி
3 ஜூலை 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் இருக்க வேண்டும்.

அந்த "அவர்" டல்சி.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் போனேன். உன்னிடம் போகவில்லை என்று சொன்னேன், அம்மாவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு அவர் வந்து, "நீ மெர்வோட சின்னவதானே? காது அவரோட காது," என்றார். திங்கட்கிழமைகளில் கடை மூடியிருக்கும், பின்வாசல் திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். முடிக்காகப் போகவில்லை, அக்கா. எதிரெதிரே உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் அவர் சீப்பை எடுத்தார். கீற்றுப் போட இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு இழையாக எடுத்து, மருந்து தடவி, அலுமினியத் தாளில் மடித்து வைப்பார். அந்த இரண்டு மணி நேரமும் அப்பாவைப் பற்றிச் சொல்வார். காகித ஆலையில் ஓய்வு பெற்ற பிறகு அப்பா அந்தக் கடையில் துண்டு மடித்தாராம். வருகிற பெண்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, "சர்க்கரை ஒண்ணா ரெண்டா ராணியம்மா?" என்பாராம். நம் வீட்டில் அப்பா ஒரு கோப்பையைக் கழுவி நீ பார்த்திருக்கிறாயா? எனக்குக் கோபம் வந்தது. இன்னும் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போனேன். நாலு வருஷம்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவை மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். டல்சி அங்கே நின்றார். குடையை மடக்கிக்கொண்டு நேரே எங்களைப் பார்த்து வந்தார். அம்மாவுக்குத் தலை அசைத்தார். அம்மா மாத்திரைச் சீட்டைப் படிக்கிற மாதிரி நின்றாள். டல்சி என் முடியைப் பார்த்தார், வேர் முதல் நுனி வரை, வேலை தெரிந்தவர் பார்க்கிற மாதிரி.

"நல்லா படிஞ்சிருக்கு நிறம்," என்றார்.

கடைப்பெண் சிரித்துக்கொண்டே என்னிடம், "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. யாரோ," என்றேன்.

டல்சி இரண்டடி தூரத்தில் நிற்கிறார். நான் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அவர் முகம் மாறவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆமாம்மா, வேற யாரோன்னு நெனச்சுட்டேன். வயசாச்சில்ல," என்றார். எனக்காக அதையும் அவரே சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் மழையில் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முடியை வாரும்போதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த நிறம்தான் கண்ணாடியில் தெரிகிறது. அவர் கைபட்டதை மறைக்கவும் அவரிடமே வழி கேட்டவள் நான்.

திட்டு. ஆனால் எழுது.

நோலீன்


பர்னி
11 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உடம்பு சரியில்லையோ என்று உன் ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்துக் கேட்டேன். நன்றாக இருக்கிறாய் என்று பதில் வந்தது. அது போதும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கம்பளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாவது பொத்தானில் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்படிம்மா?"

"அந்தக் கை ஏழு வருஷம் என் தலைல இருந்த கை. மத்தவங்க இழை எடுத்தா கோணும், அவ எடுத்தா கோணாது. வாயத் தெறந்து சொல்லுவியான்னு பாத்தேன். வீட்ல போட்டேன்னு சொன்ன. சரி, சொல்லத்தான் தைரியமில்ல, எடுக்கவாவது செய்யட்டும்னு விட்டேன்."

"மருந்துக்கடைல..."

"அதையும் கேட்டேன். அவ எனக்குச் செஞ்சது வேற. நாலு வருஷம் ஒருத்தி கையில தலையக் குடுத்துட்டு, நாலு பேர் முன்னால யாரோங்கறது வேற. அது நான் உனக்குக் கத்துக் குடுத்ததில்ல."

இன்றோடு மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான் தலை வாரப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராஸ்தான் வாரிவிட்டார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற அந்தக் கைகளால், மூச்சை அடக்கிக்கொண்டு. "லாரிக்கு ரிவர்ஸ் எடுக்கறது இத விட லேசு," என்று என்னிடம் வந்து வியர்வையைத் துடைத்தார்.

உனக்குக் கோபம் என்று தெரியும். அதையாவது எழுது.

நோலீன்


நெயாஃபு
2 அக்டோபர் 1988

அன்புள்ள நோலீனுக்கு,

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். என் உடம்புக்குக் குறைவில்லை.

முதல் மூன்று வாரம் கோபம்தான். அது உண்மை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதன் பிறகு எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை.

அப்பா சாகிற வருஷம் ஜனவரியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீ கேட்டபோது எதுவும் வரவில்லை என்றேன். வந்தது. இரண்டு பக்கம். நுரையீரல் போய்விட்டது, மூச்சு வாங்குகிறது, நீ நர்ஸ் ஆயிற்றே, ஒரு முறை வந்து பார்க்க முடியுமா, முடியாவிட்டால் ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தார். எழுத்து ஆடியிருந்தது. எந்த அளவுக்கு மூச்சுத் திணறினால் கை அப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். தினம் பார்க்கிறேன்.

பதில் எழுதவில்லை. அவர் அம்மாவை அனுபவிக்கவைத்ததை அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று இருந்தேன். மூன்று மாதம் உயிரோடு இருந்தார். அந்த மூன்று மாதத்தில் இங்கே எத்தனை பேருடைய அப்பாவை நான் நிமிர்த்தி உட்காரவைத்து மூச்சுவிடச் செய்தேன் என்று கணக்கில்லை.

உன்னை அடக்கத்துக்குப் போகாதே என்று சொன்னது அம்மாவுக்காக என்று எழுதினேன் அல்லவா. எனக்காக. நீ போய், அங்கே யாராவது "பெரியவளுக்கு எழுதினாரே" என்று உன்னிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நீ ஒரு நிமிஷம் ஒரு கடையில் யாரோ என்றாய். நான் இரண்டு பக்கக் கடிதத்துக்கு அப்படிச் சொன்னவள்.

அந்த அம்மாளிடம் போ. மன்னிப்புக் கேட்பது உன் வேலை. எனக்காக ஒன்று கேள். அப்பா என் பதிலுக்காகக் காத்திருந்தாரா? மறைக்காமல் எழுது.

லோயிஸ்


பர்னி
30 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி. இங்கே யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, அம்மா இப்போது பேசுகிறாள்.

நேற்று அல்வர்ஸ்டனுக்குப் போனேன். சனிக்கிழமை, கூட்டம் நிறைந்த நேரம். வேண்டுமென்றேதான் அந்த நாளில் போனேன். தெருப்பக்கக் கதவைத் திறந்ததும் மணி அடித்தது, நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கதவு வழியாக நான் நுழைந்ததே இல்லை. டல்சி ஒரு கிழவியின் தலையில் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், திரும்பவும் வேலையைப் பார்த்தார்.

சுருள் கட்டிய கிழவிதான் கேட்டாள். "யாரும்மா நீ? இந்தப் பக்கம் பாத்ததில்லையே."

நாலு பேரும் பார்க்கிறார்கள். "மெர்வோட சின்னப் பொண்ணு," என்றேன். "நாலு வருஷமா இவங்ககிட்டதான் வரேன். பின்வாசல் வழியா. மருந்துக்கடைல இவங்கள யாரோன்னு சொன்னது நான்தான்."

டல்சி ஒரு சுருளைச் சுற்றி முடித்து ஊசி குத்தினார்.

"உனக்கு முன்னால மூணு பேர் இருக்காங்க," என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். எல்லாரும் போன பிறகு அவர் தரையைப் பெருக்கினார். நான் துடைப்பத்தை வாங்கப் போனேன், தரவில்லை.

"வலிச்சுதுடி கண்ணு," என்றார். "மெர்வ் செத்தப்பகூட ஊர்ல நாலு பேர் என்னப் பாத்து யாரோங்கற மாதிரிதான் போனாங்க. அவங்கெல்லாம் யாரோதான. நீ அப்படியா?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வரலாமா என்றேன். கடை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்றார்.

நீ கேட்டதைக் கேட்டேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "காத்திருந்தார். தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல நாற்காலி போடச் சொல்வார். நான் போய் வாங்கிட்டு வரேன்னா கேக்க மாட்டார். நடக்க முடியாம போனப்புறமும் போடச் சொன்னார். அவ தூரத்துல இருக்கா, கப்பல்ல வரணும், லேட்டாகும்னு எனக்கே சமாதானம் சொல்வார்." உன்மேல் கோபப்பட்டாரா என்றேன். ஒரு நாளும் இல்லையாம். கோபப்பட்டிருந்தால் உனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறைக்காதே என்றாய். மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "எப்படி இருக்கா?"

"வயசாயிடுச்சும்மா."

"எனக்கு மட்டும் ஆகலியா," என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து அழாதே, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்.

உன் தங்கை,
நோலீன்


நெயாஃபு
27 நவம்பர் 1988

அன்புள்ள நோலீனுக்கு,

கடிதம் வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன். நீ சொன்னபடி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் மாலைவரை உடன் இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பதினேழாம் தேதி விமானம். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

வருவதற்கு முன் அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்காருகிறேன். "அன்புள்ள" என்று எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் பேனா நகரவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் அவரை "அவள்" என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

நாலு வருஷம் நீ அவரை எதிரில் உட்கார்ந்து என்ன சொல்லிக் கூப்பிட்டாய்? அந்த ஒரு சொல்லை எனக்கு எழுது.

அக்கா,
லோயிஸ்